நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில், முதல் பிளாட்பாரத்துக் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கையில் புத்தூரில் வாங்கிய இட்லிப் பொட்டலங்கள். ஒன்று எனக்கு, ஒன்று சகுந்தலா டீச்சருக்கு. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வர வேண்டியவர் வரவில்லை. ரயில் கிளம்பிப் போய்விட்டது. ஊரையெல்லாம் வரச் சொல்லிவிட்டு இவர் எங்கே போனார் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியவர் அவருடைய கணவர்.

“சார், காபி போட்டு எடுத்துட்டுப் போய் எழுப்பினேன். எழுந்திரிக்கல. டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார். நீங்க வந்துடுங்க சார்.”

எங்கே வர வேண்டும் என்று கேட்டேன். எத்தனையோ முறை சாப்பிட்ட வீடு அது. அப்படி ஏன் கேட்டேன் என்று இன்னும் விளங்கவில்லை. முந்தின நாள் மாலைகூட டீச்சர் பேசினார். “இட்லிக்கு மிளகாய்ப்பொடி வைக்கச் சொல்லுங்க சார், சட்னின்னா ரயில்ல வழியும்” என்றார். மிளகாய்ப்பொடிதான் வாங்கியிருந்தேன்.

அவரிடம் படித்தவர்களுக்கும், எங்கள் ஆசிரியர் அறையில் அவர் வாயில் மாட்டியவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் வரலாறு, நான் கணக்கு. டஸ்டர் காணாமல் போனால்கூட, “கடைசியா அதைப் பார்த்தப்போ எங்க நின்னீங்க?” என்றுதான் விசாரணையைத் தொடங்குவார். எப்போது என்று கேட்கவே மாட்டார். வரலாற்று டீச்சருக்கு வருடம் வேண்டாமா என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் எழுதத் தொடங்கிய புத்தகமும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தது. அவர் பிறந்த உப்பங்கரை என்ற சின்னக் கடற்கரை ஊரின் ரயில் நிலையத்தைப் பற்றிய வரலாறு அது. உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு ஓடிய மீட்டர்கேஜ் பாதை. டீச்சரின் அப்பா அங்கே கேட் கீப்பர். டீச்சர் சிறுமியாக இருந்தபோதே ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓட்டுக் கட்டடமும் பிளாட்பாரமும் மட்டும் கிடந்தன. போட்டோ எடுக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

ஸ்டேஷனில் டீ விற்ற காதர் பாயின் வீட்டுக்கு முதலில் போனோம். “ஒண்ணும் நெனப்பில்ல டீச்சர்” என்று மனிதர் கை விரித்துவிட்டார். டீச்சர் விடவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றிப் பிளாட்பாரத்துக்குக் கொண்டுவந்து, “எங்க நின்னீங்க பாய்?” என்றார். பாய் அப்படியும் இப்படியும் நகர்ந்து ஓர் இடத்தில் நின்றார். நின்றதும் அவருடைய வலது கை தானாக ஜன்னல் உயரத்துக்குப் போனது. அவருடைய அண்ணன் மெட்ராசுக்குப் போன நாள் அங்கேதான் அவருக்குத் திரும்பி வந்தது. அழுதுகொண்டே சொன்னார். “வீட்டுல உட்கார்ந்து சொல்றதை எழுதிக்காதீங்க சார். நின்ன இடத்துல கேளுங்க” என்றார் டீச்சர். அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்யவில்லை.

மீன்கூடை ஏற்றிய அஞ்சலை அம்மாளுடன் நடந்தது வேறு கதை. பாய் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே அவரும் இடம் பிடித்தார். “மீன்நாத்தத்துல எவன் டீ குடிப்பான்? அந்தாண்ட தள்ளி நில்லு” என்று பாய் சண்டைக்கு வந்தார். “நீ போட்டது டீயா? கழனித்தண்ணி” என்றார் அஞ்சலை அம்மாள். ஸ்டேஷனே இல்லாத ஊரில் ஸ்டேஷன் சண்டை. டீச்சர் சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று திரும்பி வரும்போது, கடைசி ரயில் போன நாளில் அவர் எங்கே நின்றார் என்று கேட்டேன்.

“சின்னப் பொண்ணு சார் நான். கூட்டம். பெரியவங்க இடுப்புதான் தெரிஞ்சுது. அப்பா கேட் பக்கம் இருந்தாங்க, நான் தனியா நின்னேன். யாருக்கு நடுவுல நின்னேன்னு தெரியல. எல்லாரும் அவங்கவங்க இடத்துல வந்து நிக்கட்டும், என் இடம் எனக்குத் தெரிஞ்சிடும்.”

கட்டடத்தையும் பிளாட்பாரத்தையும் இடிக்கப் போகிறார்கள் என்று போன மாதம் தெரிந்தது. கடைசி ரயிலைப் பார்த்தவர்களில் உயிரோடு இருக்கும் அத்தனை பேருக்கும் டீச்சர் போன் போட்டார். கடைசி ரயில் போன அன்று நின்றதுபோலவே எல்லாரும் வந்து நிற்க வேண்டும். அது முடிந்தால்தான் புத்தகத்தின் கடைசி அத்தியாயம். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊர் வரை போகும் ரயிலில் நாங்கள் கிளம்புவதாக இருந்தது.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பயணத்துக்காக எடுத்து வைத்த பையும் குடையும் நாற்காலியில் அப்படியே இருந்தன. அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்துதான் காதர் பாய்க்குச் சொன்னேன். அவர்கள் எல்லாரும் அப்போது பிளாட்பாரத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். பாய் திரும்பி அவர்களிடம் சொல்வது கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டார்.

கொள்ளிடக்கரையில் தகனம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பாயே கூப்பிட்டார்.

“கலைஞ்சு போக மனசு வரல சார். டீச்சர் சொன்ன மாதிரியே எல்லாரும் அவங்கவங்க எடத்துல நின்னோம். கால்வலியோட அஞ்சலையும் நின்னுச்சு. எனக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவு எடம் காலியாவே இருந்துச்சு சார். யாருமே வரல. நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டோமே, அந்த எடம். அங்கதான் நின்னிருப்பாங்களோ டீச்சர்?”

அதைப் பார்த்து ஆமாம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை அன்று மதியம்தான் எரித்துவிட்டு வந்திருந்தோம். அந்த அத்தியாயத்தை இனி நான்தான் எழுத வேண்டும். எழுதுவேன்.

போனை வைக்கும் முன் பாய் கேட்டார்: “சேதி வந்தப்போ நீங்க எங்க சார் நின்னீங்க?”

குழாய்க்குப் பக்கத்தில், பாய். கையில் அவருடைய இட்லியோடு.