லோரி ஓடாத நாளில் பரிசம்

எங்கள் வீட்டில் நல்ல காரியம் எதுவானாலும் லோரிக்குத் தடை போட்ட நாளில்தான் நடக்கும். மற்றவர்கள் பஞ்சாங்கத்தை முதலில் புரட்டுவார்கள். நாங்கள் அரசாங்க அறிவிப்பை முதலில் பார்ப்போம். ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், சாலையெல்லாம் காராக இருக்கும். அந்தச் சில நாள்களில் பெரிய லோரிகள் வெளியே வரக் கூடாது.

என் வீட்டுக்காரர் ஓட்டுவது சாதாரண லோரி இல்லை. தரையோடு தரையாகத் தாழ்ந்த, நீளமான டிரெய்லர். செம்பனை ஆலைக்குப் போகும் பாய்லர், ராட்சச டாங்கி, பாலத்துக்கு வேண்டிய இரும்பு உத்திரம் என்று வண்டியை விட்டுப் பக்கவாட்டில் பிதுங்கும் சாமான்களைத்தான் ஏற்றுவார். முன்னால் மஞ்சள் விளக்கு போட்ட பைலட் கார் போகும். பகலில் மட்டும்தான் ஓடலாம். ஒரே நாளில் போக வேண்டிய இடத்துக்கு மூன்று நாள் இழுத்தாலும் கேட்பதற்கில்லை. எப்போது வீட்டுக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. தடை நாள் ஒன்றுதான் உறுதி. மகனுக்குக் காது குத்தியது சீனப் புத்தாண்டுத் தடையில். மெர்லிமாவ் தாமான் குடியிருப்பில் வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சியது ராயா தடையில். லோரிக்காரன் குடும்பத்துக்கு அரசாங்கமே நாள் குறித்துக் கொடுக்கிறது என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம்.

மகளுடைய பரிசத்தையும் அப்படித்தான் வைத்தோம். ராயாவுக்கு இரண்டு நாள் முன்னால், தடை தொடங்குகிற அன்று காலை, வீட்டிலேயே.

மாப்பிள்ளை வீடு நியாலாஸ் பக்கம். பையன் தங்கம். அவனுடைய அத்தைதான் ஒரு மாதிரி. பெண் பார்க்க இரண்டு முறை வந்தார்கள், இரண்டு முறையும் இவர் சாலையில். இரண்டாம் முறை அந்த அம்மாள் காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்: "புருஷன் பொண்டாட்டி சேர்ந்துதானே இருக்கீங்க? பின்னாடி பிரச்சினை வரக் கூடாது பாருங்க, அதான் கேட்டேன்."

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாசார் சந்தையில் மீன்காரனையே ஓட ஓட விரட்டுகிறவள் நான். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குத் தட்டை நீட்டினேன். தட்டு மாற்றுகிற நேரத்தில் அப்பா நிற்கவில்லையென்றால் இந்தச் சம்பந்தம் கை நழுவிப் போகும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பரிசத்துக்கு முதல் நாள் பிற்பகல் அவர் மூவாரிலிருந்து ஒரு பாய்லரோடு வந்தார். எங்கள் தாமான் முனையைத் தாண்டும்போது ஹாரன் அடித்தார், நான் கேட் வரை ஓடிப்போய்க் கை காட்டினேன். மலாக்கா பக்கம் ஓர் ஆலையில் இருட்டுவதற்குள் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. செர்காம் தாண்டுவதற்குள் பின்பக்கம் இரண்டு டயர் வெடித்துவிட்டது. பெருநாள் நெருக்கத்தில் டயர்க் கடை ஆள்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். டயர் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்தது. இருட்டினால் ஓடக் கூடாது, விடிந்தால் தடை. பெருநாள் முடிந்து தடையை எடுக்கிற வரைக்கும் வண்டி இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

போன் செய்தார்.

"வண்டிய ஓரமா ஏத்திப் போட்டுட்டேன்மா. ஆனா பாய்லரு ரோட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குது. வளைவு வேற. பக்கத்துக் கம்பத்து ஆளுங்க மோட்டார் சைக்கிள்ல வேகமா வராங்க. நான் கொடியப் புடிச்சிக்கிட்டு நிக்கணும்."

"பைலட் கார் ஓட்டுறவரு எங்க?"

"கிளந்தான்காரரு. பெருநாளுக்கு அம்மா வழி பாத்துக்கிட்டு இருக்காங்களாம். போகச் சொல்லிட்டேன்."

"ஊரான் அம்மாவுக்குப் பாவம் பாத்தீங்க. சொந்த மகளுக்கு யாரு பாக்குறது?"

அவர் பேச்சை ஆபீசுக்குத் திருப்பினார். ஆபீசில் நாளை மத்தியானம் கிள்ளானிலிருந்து ஆள் அனுப்புவார்களாம், அதுவரை வண்டியை விட்டு நகரக் கூடாதாம். மத்தியானம்! எங்கள் நல்ல நேரம் பத்தரைக்கு. நான் கத்தின கத்தில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. கடைசியில் நானே வழி சொன்னேன். காலையில் என் தம்பி போய் வண்டியிடம் நிற்கட்டும், இவர் வந்து தட்டு மாற்றிவிட்டுத் திரும்பிப் போகட்டும், ஒரு மணி நேர வேலை.

"ஆளு நிக்கணும்மா. சும்மா விட்டுட்டு வர முடியாது" என்றார்.

"நிப்பான். நீங்க வாங்க."

காலையில் எல்லாமே தலைகீழானது. மாப்பிள்ளை வீட்டு வேன் ஜாசினில் வழி தவறிப்போய் நின்றது. அவர்களை அழைத்து வரத் தம்பியைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அவன் வேனுக்கு முன்னால் மோட்டாரில் வந்து இறங்கும்போது மணி பத்தாகிவிட்டது. வாசலில் காலை வைத்ததுமே அத்தைக்காரி சுற்றும் முற்றும் பார்த்தாள். "சம்பந்தி இன்னிக்கும் லோரியிலதானா?" என்றாள். பின்னால் வந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

நான் சமையல்கட்டுக்குப் போய்ப் போனை எடுத்தேன். எதிர் வீட்டு அண்ணனைக் காரோடு செர்காமுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்.

"அண்ணன் வந்துட்டாரா? ஏறுங்க. நல்ல நேரம் போவுது."

"மச்சான் இன்னும் வரலியே?"

"கிளம்பிட்டான். வந்துகிட்டே இருக்கான்."

"கிளம்பிட்டானா?"

"கிளம்பிட்டான் லா! ஏறுங்களேன்!"

தம்பி என் கண் முன்னால் குளிர்பானம் ஊற்றிக்கொண்டிருந்தான். உடனே அனுப்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை, போட்டோக்காரர் பிளக் எங்கே என்று கேட்டார், வெளியே மழை பிடித்துக்கொண்டது. "மழை விடட்டும்டா, சாப்பாட்ட எடுத்து வெச்சிட்டுப் போ" என்று தம்பியிடம் சொன்னது நான்தான். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது?

அவர் நனைந்துகொண்டு வந்து இறங்கினார். அவசரமாகக் குளித்து வேட்டி கட்டினார். கட்டிக்கொண்டே, "மச்சான் போய்ச் சேர்ந்துட்டானா?" என்று கேட்டார். நான் அவருடைய சட்டைக் காலரைச் சரி செய்தபடி தலையை ஆட்டினேன்.

தட்டு மாற்றியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது. மகள் அவர் காலில் விழுந்து எழுந்தாள், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தைக்காரிகூட, "அப்பான்னா இப்படித்தான் இருக்கணும். வண்டி நின்ன இடத்துல இருந்து ஓடி வந்திருக்காரு பாரேன்" என்றாள். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் லோரி என்ற ஒன்று எனக்கு நினைவிலேயே இல்லை.

தம்பி லட்டுத் தட்டோடு அவர் முன்னால் வந்து குனிந்தான். அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"நீ எப்படா வந்த?"

"நான் இங்கதானே இருக்கேன் மாமா. சாப்பாட்டுக்கு அப்புறம் போகச் சொல்லிச்சு அக்கா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. ஆபீசிலிருந்து. லோரிக் கதவில் இருந்த நம்பரைப் பார்த்து யாரோ அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவர் வேட்டியோடு ஓடினார்.

அடிபட்டவர், பெருநாளுக்காகக் கோலாலம்பூரிலிருந்து மோட்டாரில் செர்காமுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மழைக் காற்றில், வண்டியைச் சுற்றி வைத்திருந்த ஆரஞ்சு கோன் எல்லாம் சாய்ந்து கால்வாயில் கிடந்தன, நிமிர்த்தி வைக்க ஆள் இல்லை. எதிரே கார் வந்ததால் அவர் ஓரம் ஒதுங்கியிருக்கிறார். பாய்லரின் விளிம்பு அவருடைய இடது காலைப் பிடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது.

வண்டியை விட்டுப் போனது தன் தப்பு என்று போலீசில் என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். ஆபீசிலும் அதையேதான் சொன்னார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அப்போதும் என் பெயரை அவர் எடுக்கவில்லை. வீட்டிலும் ஒரு வார்த்தை இல்லை. ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், எனக்கு அதுதான் தெரியும். அவர் சாப்பிட்டார், தூங்கினார், மகளிடம் சிரித்துப் பேசினார். என்னிடம் "உப்பு எங்க", "சாவி எங்க" என்று மட்டும் கேட்டார். ஐயோ, அடித்திருந்தால்கூட தேவலை என்று இருந்தது.

அந்த மனிதரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் பழம் வாங்கிக்கொண்டு செர்காமுக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நடுக்கூடத்தில் மெத்தை போட்டு அவரைப் படுக்க வைத்திருந்தார்கள். காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் அங்கே பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். அவருடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், மீந்திருந்த ராயா பலகார டின்னைத் திறந்து எங்கள் பக்கம் நகர்த்தினார். இவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம் மகள் பரிசத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. அந்த அம்மா என்னிடம் மலாயில் கேட்டார், "பிள்ளையின் நிச்சயம் நல்லபடியாக முடிந்ததா?"

"முடிந்தது, மாக்சிக்" என்றேன், மலாயில் பெரியம்மா என்கிற முறையில்.

"நல்ல வேளை. அப்பா இல்லாமல் பெண்பிள்ளைக்கு எப்படி?"

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. என் உடைந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர் ஆள் இல்லாமல் வர மாட்டேன் என்றுதான் சொன்னார். ஆள் கிளம்பிவிட்டான் என்று சொன்னது நான். ஆள் கிளம்பவே இல்லை. என் வீட்டில்தான் இருந்தான். இவர் கேட்டபோது தலையை ஆட்டினேன்.

இவர், "சும்மா இருமா" என்று தமிழில் சொன்னார். நான் நிறுத்தவில்லை.

மெத்தையில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா வெகுநேரம் என்னைப் பார்க்காமல் மகனுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. பிறகு இவர் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அன்றைக்கே தெரியும்" என்றார் இவர்.

அந்த அம்மா தலையசைத்தார். என்னிடம் குரல் உயர்த்தாமல் சொன்னார். "உங்கள் கணவர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். நீங்கள் இனிமேல் வர வேண்டாம்."

நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வருவதற்கு அரை மணி நேரம் ஆனது.