ஏழாவது கொப்பியின் முடிவு

பழுப்புக் கடதாசி உறையிட்ட எண்பது பக்கக் கொப்பி அது. அட்டையில் சிவப்பு மையில் ‘ஏழு’ என்று மட்டும் எழுதியிருந்தது. பலாபத்வலையில் தபாலதிபராக இருந்தவர் அதை மணியோடர் படிவங்களுக்கு அடியில் வைத்து, கவுண்டர் கம்பிக்குக் கீழால் என்னிடம் தள்ளினார். பாடசாலை விட்டு மாத்தளை பஸ்ஸில் ஏறியதும் நான் வாசிக்கத் தொடங்கிவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து உத்தியோகத்துக்கு வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்தவன். அவர் துப்பறியும் கதைகள் எழுதினார். எல்லாவற்றிலும் ஒரே இன்ஸ்பெக்டர். கொப்பிக்கு ஒரு கொலை. எதுவும் அச்சேறவில்லை. பன்னிரண்டு பேர் கைமாற்றி வாசிப்போம். கடைசித் தாளில் அபிப்பிராயம் எழுதாமல் கொப்பியை அடுத்தவரிடம் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பட்டதாரி என்பதால் முதல் வாசகன் நான். என் கருத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் பேனாவை எடுப்பார்கள். புடைவைக்கடை முதலாளி, ‘மாஸ்டர் சொன்னதே என் கருத்தும்’ என்பதற்கு மேல் ஒரு நாளும் எழுதியதில்லை. அந்த முதலிடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

முதல் ஆறும் நல்ல கதைகள். ஏழாவதில் ஒரு வீடு எரிகிறது. உள்ளே இருந்த பெண் சாகிறாள். இருபதாம் பக்கத்திலேயே தீ வைத்தவனை இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிடுகிறார். பிறகு அவன் வீட்டுக்குப் போய், அவன் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்புகிறார். அவ்வளவுதான் கதை. அவனுக்குப் பெயர் இல்லை, முகமும் இல்லை.

“இதுவரை வந்தவற்றில் பலவீனமானது இதுதான்” என்று எழுதினேன். “குற்றவாளியைத் தெரிந்தும் வாய் திறக்காதவனை யார் நம்புவது? இது கோழையின் முடிவு.” மற்றப் பதினொரு பேரும் அதையே வேறு சொற்களில் எழுதினார்கள்.

கொப்பி திரும்பிப் போனபின் ஒருநாள் தபாலதிபர் கேட்டார்.

“அவ்வளவு மோசமாவாங்க இருக்கு, மாஸ்டர்?”

“ஆள் இன்னாரெண்டு காட்டோணும். முகம் வேணும், நடை வேணும். இது வெறும் நிழல்.”

“நெசத்துல அப்படித்தானுங்களே நடக்குது. தெரிஞ்சவங்க எல்லாம் சொல்லிடுறாங்களா?”

“பயமெண்டால் ஏன் எழுதுறீங்கள்?”

அவர் சிரித்தார். அடுத்த மாதம் கொப்பி புதிய முடிவோடு வந்தது.

அதில் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைப் பிடித்துவிடுகிறார். அவனுக்கு இடது காதுச் சோணை அறுந்திருந்தது. பேசும்போது கட்டியிருக்கும் சாரத்தின் நுனியால் வாயைத் துடைத்துக்கொள்வான். அந்த மனிதனை எனக்குத் தெரியும். அதே கவுண்டர் வரிசையில் எத்தனையோ தடவை எனக்கு முன்னால் நின்றவன். தபாலதிபரின் அக்கா எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோனதும் எனக்குத் தெரியும். இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றவில்லை என்று என் மனைவியிடம் பல வருடங்கள் சொல்லிவந்தேன். அது பொய். பஸ் அலுவிகாரையைத் தாண்டுவதற்குள் இணைத்துவிட்டேன். கொப்பியை அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். என் சொல்லைக் கேட்டு மாற்றியிருக்கிறாரே என்ற பெருமையில், “இப்போதுதான் கதைக்கு உயிர் வந்திருக்கிறது” என்று எழுதி அடுத்தவரிடம் கொடுத்தேன்.

ஏதோ ஒரு தேநீர்க் கடையில் யாரோ அதை உரக்க வாசித்துச் சிரித்திருக்கிறார்கள். மூன்று வாரங்களில் காது அறுந்தவன் கவுண்டருக்கு வந்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். ஐயா என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் ‘மாத்தயா’வைப் போட்டு மிக மரியாதையாகத்தான் பேசினான்.

“மாத்தயா கதை எழுதுறாராமே. அதுல நானும் இருக்கேனாம்.”

“அது சும்மா கற்பனைங்க.”

“அப்படியா? மாத்தயாவுக்கு மகள் ரெண்டு பேர்தானே. ஸ்கூல் விட்டு நடந்து வாறத நான் பாக்குறது.”

தபாலதிபர் அவனைத் தாண்டி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கடித உறையின் விலாசத்தை வாசித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளைகள் பாடசாலைக்கு வரவில்லை. அவர் இடமாற்றம் கேட்டு வவுனியாப் பக்கம் போனார். விடைபெறப் போன என்னிடம், “கொப்பி எல்லாம் அடுப்புக்குப் போயிடுச்சுங்க மாஸ்டர். ஆனா நீங்க சொன்னதுல பிழையில்ல. கதைன்னா அதுதான் சரி” என்றார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. “போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கோ” என்று மட்டும் சொன்னேன். அவர் கதையும் எழுதவில்லை, கடிதமும் எழுதவில்லை.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் மாத்தளையில் என் வீட்டுக்குள் கும்பலாகப் புகுந்து தீ வைத்தார்கள். நாங்கள் பக்கத்து வீட்டு யன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தோம். வந்தவர்களில் இருவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பன். பிறகு பொலிஸார் யாரையாவது அடையாளம் தெரிந்ததா என்று கேட்டபோது, புகையில் முகங்கள் தெரியவில்லை என்றேன். அந்த மனிதர் அதற்குப் பிறகும் பல வருடங்கள் எனக்குத் தெருவில் வணக்கம் சொன்னார், நானும் சொன்னேன். எனக்கு மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் என்னைக் கோழை என்று எழுதவில்லை.