யோகம் அக்கா வீட்டுக் காலைச் சாப்பாடு

போன வாரம் மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் எங்கள் அலுவலகக் கூட்டம். அதற்கு முன்னால் காலைச் சிற்றுண்டி. நாற்பது பேர் இருப்பார்கள்; ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு போன். யாரோ ஒருவர் டோஸ்டரில் ரொட்டியைப் போட்டுவிட்டு மறந்துவிட, தீய்ந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு நேசன் அண்ணர் நினைவு வந்துவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அன்று கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நேசன் அண்ணரும் அவர் மனைவி யோகம் அக்காவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அதே மங்கரேயில், தலைக்கு மேல் விமானங்களின் வயிறு தெரிகிற தெரு ஒன்றில் அவர்கள் வீடு. சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி அண்ணரின் முதுகு போன பிறகு, இரண்டு அறைகளை வெளியாட்களுக்கு விட்டு, காலைச் சாப்பாடும் போட்டுப் பிழைத்தார்கள். வீட்டுக் கடன் தவணை அதில்தான் ஓடியது. சமையலறையில் அண்ணருக்கு ஒரே ஒரு வேலை. வெள்ளைக்காரர்கள் கேட்டால் ரொட்டி வாட்டிக் கொடுப்பது. அதையும் தவறாமல் தீய்ப்பார்.

இந்த நாட்டுக்கு வந்த படிப்பு முடிந்து, வேலை தேடும் விசாவோடு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். கோயிலில் யாரோ கொடுத்த நம்பர். ஒரு வாரம் என்று போனவன் நான்கு மாதம் இருந்தேன். மதுரைக்காரன், சாப்பாட்டு ராமன் என்று ஊரிலேயே பெயர் எடுத்தவன். அக்காவின் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் என்னை எழுந்திருக்க விடவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. போக வேறு இடமும் இல்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். யார் சாப்பிட உட்கார்ந்தாலும் அக்கா எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார். விருந்தாளியைத் தனியே சாப்பிட விடுவது அவரைப் பொறுத்தவரை பட்டினி போடுவதற்குச் சமம். கையில் அகப்பையோடு, உங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"தனியச் சாப்பிட்டா உடம்பில ஒட்டாது தம்பி. நித்திரை வந்ததோ? வேலைக்குப் பதில் ஏதும் வந்ததோ?"

வந்திருக்கும். 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் அந்த மேசையில்தான் படித்தேன். நான் தலையாட்டுவதைப் பார்த்ததும், "அவையளுக்குக் குடுத்து வைக்கேல்லை, விடுங்கோ" என்று இன்னொரு இடியப்பத்தை வைப்பார். முப்பது கம்பெனிகளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. எனக்கு எடை மட்டும் ஏறியது.

கணினி படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? நன்றிக்கடன் தீர்க்கிறேன் பேர்வழி என்று, அறை பிடித்துத் தரும் இணையதளம் ஒன்றில் அந்த வீட்டை ஏற்றினேன். படங்கள் எடுத்தேன். 'இங்கே உங்களைக் குடும்பத்தில் ஒருவராக நடத்துவார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"ஓம், அது சரியான கதைதானே" என்றார் அக்கா. விளம்பர வாக்கியத்தை அப்படி மனதார ஏற்றுக்கொண்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆட்கள் வந்தார்கள். விடியலில் விமானம் பிடிக்கிறவர்கள், நடுத்தர வயது ஜோடிகள், முதுகுப்பையோடு தனியாகத் திரியும் பெண்கள். அக்கா எல்லோருக்கும் எதிரே உட்கார்ந்தார். தெரிந்த ஆங்கிலத்தில் எல்லோரிடமும் கேட்டார். கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளைகள், அம்மா எங்கே இருக்கிறார், ஏன் இன்னொன்று வேண்டாம் என்கிறீர்கள்?

இரண்டே வாரத்தில் வந்தது முதல் அடி. வீடு சுத்தம், சாப்பாடு அருமை, ஆனால் அந்தப் பெண்மணி நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளை ஏன் இல்லை என்று என் மனைவியைக் கேட்டு அழவைத்தார் என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நட்சத்திரம். அடுத்து வந்தவரும் கிட்டத்தட்ட அதையே எழுதினார். அறைகள் காலியாகத் தொடங்கின.

"என்ன எழுதியிருக்கினம் தம்பி?"

"சாப்பாடு நல்லாருக்காம்க்கா."

அவர்கள் மகள் தர்ஷிக்கு அப்போது பதினைந்து வயது. போனை என் கையிலிருந்து வாங்கி, ஒரு வரி விடாமல் வாசித்தாள். "அம்மா, தே திங்க் யூ ஆர் கிரீப்பி" என்றாள். அருகில் வந்தாலே கூச வைக்கிற ஆள் என்கிற அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அக்கா யாரையும் கேட்கவில்லை. அண்ணர் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய மேதாவி போல, "அக்கா, இனிமே யாராவது சாப்பிடும்போது பக்கத்துல உக்காராதீங்க. எதுவும் கேக்காதீங்க. வச்சிட்டு உள்ள போயிருங்க. இங்க அதுதான் மரியாதை" என்றேன். அக்கா கேட்டுக்கொண்டார். "ஓம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

நான் சொன்னது பலித்தது, அதுதான் கொடுமை. நட்சத்திரங்கள் ஏறின. 'அமைதியான வீடு' என்று எழுதினார்கள். எனக்கும் மவுண்ட் வெல்லிங்டனில் வேலை கிடைத்து, மனுரேவாவில் தனி அறைக்குப் போனேன். என் புத்திசாலித்தனத்தைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு தொற்றுக் காலம் வந்து எல்லையை மூடினார்கள். விமானம் இல்லாத ஊரில் விமான நிலையத்துப் பக்கத்து அறைக்கு யார் வருவார்கள்? மூடியதைத் திறப்பதற்குள் வீடு விலைக்குப் போனது. காலி செய்வதற்கு முதல் நாள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன்.

அக்கா தட்டில் இடியப்பத்தை வைத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினார்.

"நீங்களும் உக்காருங்கக்கா."

உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில், என் தட்டைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. வேலை எப்படி என்று கேட்கவில்லை. ஊரில் அம்மா சுகமா என்று கேட்கவில்லை. என் தட்டு காலியானது. எனக்கு இன்னும் வேண்டியிருந்தது. எழுந்து கை கழுவினேன். சமையலறையில் அண்ணர் ஏதோ பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த மனையில் ஆறு மாடிவீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அக்காவும் அண்ணரும் மெல்பர்னில் தர்ஷியோடு இருக்கிறார்கள். ஓட்டல் கூட்டம் முடிந்த அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டேன். அண்ணருக்கு நடக்க முடியவில்லையாம். தர்ஷிக்கு நல்ல வேலையாம். சாப்பிட்டாச்சா என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. தட்டை அறைக்குள்ள கொண்டு போய்ச் சாப்பிட்டிடுவன். தர்ஷிக்கும் அவளின்ர ஆளுக்கும் இடைஞ்சல் இல்லைத்தானே."