நரிவெங்காயம் தோண்டிய நாள்

என் நாத்தனாருக்கு அதற்கு முன் இரண்டு கரு கலைந்து போயிருந்தன. இது மூன்றாவது, ஐந்து மாதம். தாய்வீட்டோடு வந்து இருந்தாள். அவளைப் பார்க்க வந்த மருத்துவச்சி, பெரியபட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நீட்டி நின்ற நரிவெங்காயப் பூவைக் கண்டதும் வாயில் கை வைத்தாள். "புள்ளத்தாச்சி இருக்க வீட்ல இத வச்சிருக்கீகளே! கிழங்கு வாயில பட்டா வயித்துல உள்ளது தங்காது. தோண்டி எறிங்க."

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். ரமலான் மாதம், தீயாக வெயில். என் வீட்டுக்காரர் கொழும்புக் கடையில் இருந்தார். தோண்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. மணலுக்குள் தாய்க்கிழங்கு, அதைச் சுற்றிக் குட்டிகள். குட்டிகள் அச்சு அசலாகச் சின்ன வெங்காயம். அள்ளிப் போட அடுப்படியில் கிடந்த வெங்காயப் பெட்டியைத் தூக்கி வந்தேன். அடியில் இரண்டு கை வெங்காயம் கிடந்ததைப் பார்க்கவும் செய்தேன். பிறகு பொறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கை அரிப்புத் தாங்காமல் கழுவப் போனவள், மதியம் லுஹர் தொழுதுவிட்டு அப்படியே பாயில் சாய்ந்துவிட்டேன்.

சாயங்காலம் அசர் தொழுகைக்கு எழுந்து வந்தால் பெட்டி அடுப்படியில் இருந்தது, பாதி காலியாக. மாமியார் நோன்புக் கஞ்சி காய்ச்சி இறக்கிவிட்டிருந்தார்.

"மாமி, இதுலயா வெங்காயம் எடுத்தீக?"

"வெங்காயப் பெட்டியில எடுக்காம வேற எதுல எடுப்பாக?"

"உரிக்கையில கண்ணு எரிஞ்சுச்சா?"

"நோம்பு மயக்கத்துல எனக்கு எப்பவும்தான் எரியுது. என்ன புள்ள கேள்வி இது?"

தோலைத் தேடினேன். ஆட்டுக்குப் போட்டிருந்தார்.

நாத்தனாருக்கு நோன்பு இல்லை. அவளுக்கு ஒரு கிண்ணம் முன்னாடியே போயிருந்தது. ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"எம்புட்டுக் குடிச்ச?"

"ரெண்டு மடக்கு. ஏன் மதினி?"

நோன்பு நேரத்தில் மாமி கஞ்சியை நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் இரண்டு மணி நேரம் கிடந்தது. அல்லா மன்னிக்கட்டும் என்று ஒரு வாய் குடித்தேன். கசந்தது.

"வெந்தயம் போட்ட கஞ்சி கசக்காம இனிக்கவா செய்யும்?" என்று மாமி கத்தினார். "வேணும்னே நோம்ப விட்டுட்டியேடி, பாவி!"

வெந்தயமா, விஷமா? எனக்குத் தெரியவில்லை. கஞ்சி முழுவதையும் குழியில் கொட்டினேன். நாத்தனாருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நரிவெங்காயம், பெட்டி, மருத்துவச்சி என்று எல்லாவற்றையும் அவளிடம் உளறிக் கொட்டினேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

விடிந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோலைத் தின்ற ஆடும் நின்று தழைக்குக் கத்திக்கொண்டிருந்தது. "பாத்தியா, உம் பயத்துக்கு ஒரு பான கஞ்சி போச்சு" என்று மாமி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு.

மதியம் நானே கஞ்சி காய்ச்சி, நாத்தனார் முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. மற்றக் கையால் கிண்ணத்தை மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க மொதல்ல குடிங்க, மதினி."

எனக்கு நோன்பு. அவளுக்கும் அது தெரியும். கிண்ணத்தை எடுத்துக் குடித்தேன்.