தலைமேல் போகும் பரிசல்

ஏரியில் சொந்தப் படகு இறக்க விதி எழுதியவரே, நீங்கள் இந்தக் கரையைப் பார்க்காமலே எழுதிவிட்டீர்கள்.

ஜவ்வாது மலை ஏரிக்கரையில் ஒரு பரிசல் கவிழ்ந்தபடி நடந்து வருகிறது. கீழே இரண்டு கால்கள். வாய் பிளந்து நிற்கிறேன். உள்ளிருந்து ஒரு பெண்குரல்: “இன்னா சார், வழி வுடுங்க.”

“தண்ணியில விடாம ஏம்மா சுமக்கிறீங்க?”

“படகுத்துறையிலதான் இறக்கணும்னு போர்டு வெச்சிருக்காங்க. வூடு இந்தப் பக்கம். துறை அந்தப் பக்கம், எங்க சாமைக் கொல்லைகிட்ட. போறப்போ அது என் மேல, வர்றப்போ அறுத்த கதிரோட நான் அது மேல. மழைக்குள்ள கதிரு வூடு சேரணும் சார்.”

ஏரியையே சுற்றி நடக்கிறார். கழுத்து அசையவில்லை. எதிரே நிற்கும் மலையைவிட அந்தக் கழுத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

விதி எழுதியவரே, இதே மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் சந்தையில் எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள்: இந்தப் பரிசலோடு நீங்கள் எத்தனை அடி நடப்பீர்கள்?