ஓடிப்போகாத பெண்டாட்டி

போன வாரம் பேத்தி என்னைத் தானா ராத்தா டவுனுக்குக் காரில் கூட்டிப்போனாள். டீ குடிக்கத்தான். டீத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவளை டீ குடிக்கக் காரில் ஏற்றிப் போகிற காலம் இது. கடை வாசலில் ஒரு பையன், தலையில் மாட்டுக்காரன் தொப்பி, கையில் கித்தார், இங்கிலீஷில் மூக்கால் அழுதுகொண்டிருந்தான். எனக்கு ஏ, பி, சி-க்கு அப்பால் என்ன வருமென்றே தெரியாது. ஆனாலும் பாட்டு புரிந்தது. பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த மாதிரிக் கௌபாய் பாட்டுக்காரன் ஒருத்தனோடு குடும்பம் நடத்தியவள் நான்.

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினார். அதை நினைத்தாலே பச்சைக் கொழுந்தும் டீசலும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். ரேடியோவில் கேட்டுக் கேட்டு இந்தப் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. கேட்டால், "சோகம்லாம் அர்த்தம் தெரிஞ்சா வருது?" என்பார். அந்தப் பாட்டுகளில் வருவதெல்லாம் எங்கள் தோட்டத்திலும் உண்டு. மழை, லோரி, நாய், தண்ணி போட்டுவிட்டுக் கிடக்கிற ஆள். ஓடிப்போன பெண்டாட்டி மட்டும்தான் அவருக்குக் குறை. அப்போது பெண்டாட்டியே இல்லையே.

பரிசம் போட வந்த அன்று, மாப்பிள்ளை பாடுவாராமே என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கதவுத் துணிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் லோரி வளைவு திரும்பும் சத்தத்துக்கே கொழுந்துக் கூடையைக் கவிழ்த்தவள் நான். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடினார். அப்பாவுக்கு ஒரே பெருமை. விருந்துக்கு வந்திருந்த கிராணியிடம் அர்த்தத்தையும் சொல்லச் சொன்னார். ஆபீஸில் கணக்கு எழுதும் மனுஷனுக்குப் பேசச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவாரா? வரிவரியாகச் சொன்னார். நான் அவளுக்கு மோதிரம் போட்டேன், அவள் என்னை விட்டுப் போய்விட்டாள், நானும் என் நாயும் அழுகிறோம்.

அப்பா பாயை விட்டு எழுந்தார்.

"இவனுக்கு முன்னமே கல்யாணம் ஆயிருச்சா?" என்றார் அப்பா.

"எனக்கு நாயே இல்ல மாமா" என்றார் மாப்பிள்ளை. மோதிரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. பதற்றம், பாவம்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, பரிசத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "புருசன் சாகாம எவளாச்சும் ஒப்பாரி வைப்பாளாண்ணே? பட்டவன்தான் பாடுவான்."

போச்சு என்று நினைத்தேன். கல்யாணப் பெண் வாய் திறக்கக்கூடாது. திறந்தேன். தோட்டத்தில் எந்த லயத்தில், அதுதான் எங்கள் வரிசை வீடுகளில், சாவு விழுந்தாலும் அத்தையைத்தான் ஒப்பாரிக்குக் கூப்பிடுவார்கள்.

"அத்தே, கடைக்காரத் தாத்தா செத்தப்ப, 'என் தாலிய அறுத்துட்டுப் போனியே ராசா'ன்னு அழுதீங்களே. அவரு உங்களுக்கு யாரு?"

அத்தையின் புருஷன் மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். மெதுவாகத் துப்பிவிட்டு, "அன்னிக்கு நானும் அதத்தான் யோசிச்சேன்லா" என்றார்.

கிராணிக்குப் புரையேறும்வரை சிரித்தார்கள். தட்டு திரும்பி வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகாவது பாட்டை மாற்றினாரா? நான் உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருப்பேன். வாசலில் உட்கார்ந்து நான் ஓடிப்போனதாக உருகிக்கொண்டிருப்பார். "நான் இங்கதானய்யா இருக்கேன்" என்றால், "நீ இருந்தா பாட்டு நல்லா இல்லலா" என்பார்.

நாங்கள் இருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். கொழுந்தை இப்போது மெஷின் வெட்டுகிறது. அத்தை போனதோடு ஒப்பாரியும் போனது. என் வீட்டுக்காரர் போன அன்று யாரோ கைப்பேசியில் தேவாரம் போட்டுவிட்டார்கள். எனக்கு அழுது பாடத் தெரியவில்லை. தெரிந்த ஒரே சோகப்பாட்டு அவருடையது. அதற்கும் வார்த்தை தெரியாது.

கடை வாசல் பையன் பாடி முடித்தான். "என்ன பாட்டி, புரிஞ்சிச்சா?" என்று பேத்தி கேட்டாள்.

"பெண்டாட்டி ஓடிட்டாளாம்டி. பொய். அவ உள்ளதான் தோசை சுட்டுக்கிட்டு இருப்பா. இன்னொரு தடவ பாடச் சொல்லு."