பன்னிரண்டாவது வீடு

பகல் பன்னிரண்டு அடித்தால் எங்கள் புதுச்சேரி படுத்துவிடும். கடைகளைச் சாத்துவார்கள், சன்னல்கள் மூடும், தெருவில் வெயிலும் இரண்டொரு நாய்களும் மட்டும் கிடக்கும். மூன்று மணிக்குத்தான் ஊர் எழுந்து முகம் கழுவும். பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியும் அந்தத் தூக்கத்தை யாரும் விடவில்லை. என் உயிர் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். வயது இருபத்தாறு. கல்யாணம், காதுகுத்து, கப்பலேறுகிறவர்களுக்கு விருந்து, எதுவானாலும் கடைசி ஆள் கிளம்பும்வரை இருப்பேன். சீட்டாட்டத்தில் ஒரு கை குறைந்தால் என் வீட்டுக்குத்தான் ஆள் வரும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் மறந்துவிடுவார்களோ என்ற பயம். அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

விடியற்காலையில் வந்து படுத்தால் காதுக்குள் மேளமும் சிரிப்பும் ஓயாது. தூக்கம் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். மத்தியானம் கடையில் துணிக்கட்டுகளின் மேல் சாய்ந்தால்தான் ஒரு கோழித்தூக்கம். மற்ற நேரமெல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்தேன். எதிரே பேசுகிறவர்களின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கும். அதுவும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

அப்படி மிதந்துகொண்டிருந்த காலத்தில்தான் அவள் ரவிக்கைத் துணி வாங்க வந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. வாரம் ஒருமுறை ஏதாவது வாங்க வருவாள். வாங்க ஒன்றும் இல்லாதபோதும் வந்தாள். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அண்ணன் பிரான்சில் இருந்தான். பொங்கல் கழிந்ததும் குடும்பத்தோடு அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. டிசம்பர் கடைசியில் ஒரு நாள், துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு சொன்னாள்:

"வருசப் பொறப்பன்னிக்கு வீட்டுக்கு வாங்க. அப்பா அன்னிக்கு யாரு வந்தாலும் சிரிச்சுப் பேசுவாரு. என்னைப் பொண்ணு கேட்டுடுங்க. ஆனா பன்னண்டுக்குள்ள வந்துடணும். படுத்தார்னா மூணுக்குத்தான் எழுந்திருப்பாரு. அப்புறம் அவரும் வெளிய கெளம்பிடுவாரு."

ஜனவரி முதல் தேதி கையில் எலுமிச்சம்பழத்தோடு வேண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், 'போன்னானே' என்று பிரெஞ்சில் புது வருஷ வாழ்த்துச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். பழத்தை வாங்கிக்கொண்டு உட்கார வைத்து, கேக்கும் சின்னக் கண்ணாடித் தம்ளரில் ஒயினும் தருவார்கள். நான் ஒரு டஜன் பழம் வாங்கி, இருப்பதிலேயே பெரியதை அவள் அப்பாவுக்கென்று ஒதுக்கிவைத்தேன். முந்தின ராத்திரி முழுக்க நண்பர்களோடு புது வருஷத்தை வரவேற்றாகிவிட்டது. குளித்துவிட்டு அப்படியே கிளம்பினேன்.

நேரே அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். முதலாளி வீடு வழியில்தானே இருக்கிறது என்று நுழைந்தேன். அங்கே போய்விட்டுப் பக்கத்து வீட்டை விட்டால் பொல்லாப்பு. சீட்டாட்டக்காரர்கள் வேறு கோபித்துக்கொள்வார்கள். கடைசியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி பன்னிரண்டரை.

சன்னல்கள் மூடி அறையே பச்சை நிழலாக இருந்தது. உள்ளே அவள் அப்பாவின் குறட்டை. "உக்காருங்க. மூணு மணிக்கு எழுந்துடுவாரு, அப்ப கேக்கலாம்" என்று மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பழத்தை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு அறைக்குள் கடல் வந்தது. எலுமிச்சம்பழங்கள் மிதந்து போயின. ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் யாரோ கூப்பிட, இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கண் விழித்தபோது சன்னல் திறந்திருந்தது, வெயில் சாய்ந்திருந்தது. எதிரே முக்காலியில் அவள்.

"மணி என்ன?"

"அஞ்சு."

"அப்பா?"

"எழுந்து வந்து பாத்தாரு. இந்தத் தம்பி எதுக்கு வந்திருக்கு, எழுப்பட்டுமான்னு கேட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன். கெளம்பிப் போயிட்டாரு."

"ஏன் வேணாம்னே?"

"காலையிலேர்ந்து எத்தினி வீட்டுக்குப் போனீங்க?"

"பதினொண்ணு" என்றேன். அதைச் சொல்லும்போதுகூட எனக்குள் ஒரு துளி பெருமை இருந்தது. இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"அப்ப எங்க வீடு பன்னண்டாவது."

நாளைக்கே வந்து கேட்கிறேன் என்று கெஞ்சினேன். "வேணாங்க. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்றாள். கோபமே இல்லை. கோபித்திருந்தால் எப்படியாவது சமாதானம் செய்திருப்பேன். என் மடியிலிருந்து உருண்டு போயிருந்த பழத்தை எடுத்துத் துடைத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பொங்கல் கழிந்து கப்பலேறினார்கள். அதற்கு முன் அவர்கள் வைத்த விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் அழைப்புக்கு நான் போகவில்லை. அன்றைக்கும் தூங்கவில்லை.

இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. எட்டு மணிக்கே கண் சொக்கிவிடுகிறது. ஆனால் வெளிச்சத்தை அணைக்கும்போதெல்லாம், அந்தப் புது வருஷத்தன்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவள் அம்மா வாசலில் வந்து சொன்னது காதில் விழுகிறது. "அந்த முக்காலிய உட்டு எழுந்திரிக்கவே இல்ல தம்பி. சாப்புடக்கூட வரல. உங்க மேல ஈ உக்காராம விசிறிக்கிட்டே இருந்தா."

அவளும் நானும் அவ்வளவு நேரம் ஓர் அறையில் இருந்தது அந்த ஒரு நாள்தான். அதில் ஒரு நிமிஷம்கூட எனக்கு நினைவில்லை.